ஆவரங்குளத்தார் தெருவுக்கு முட்டுக் கொடுத்த கதை

ஆவரங்குளத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ பேசிக்கொள்வார்கள். நான் அப்படியெல்லாம் பேச மாட்டேன். சொன்ன சொல்லைத் தட்டாத ஜனம், அவ்வளவுதான். ஒருவர் ஒன்று சொல்லிவிட்டால் அதில் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

அந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். கொத்தனார் வெளியூர் ஆள். "சுவரு கோணாம வரணும்னா தூக்குக்குண்டு ஆடக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், நூலில் தொங்கிய குண்டைச் சுவரோடு வைத்து ஆணியடித்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். புயலே அடித்தாலும் இனி அது ஆடாது. பாவம் மனுஷன், கட்டை அவிழ்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். புண்ணியவானுக்குத் தொழில் சுத்தம். கீழே கூடம், மேலே பந்தி மாடி என்று மண்டபம் நன்றாகவே எழும்பியது.

மண்டபத்துக்கு ஒரு கமிட்டி உண்டு. அதற்குத் தலைவர் கொம்பையா. கல் சுமந்தவர், மண் சுமந்தவர், வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சிமெண்டு சேர்த்தவர். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. அந்த மண்டபத்தில் நடக்கும் முதல் கல்யாணம் தன் மகள் செண்பகவடிவின் கல்யாணமாக இருக்க வேண்டும். அதை நினைத்து நினைத்து, சாப்பிடும்போதுகூடத் தானாகச் சிரித்துக்கொள்வார். மாப்பிள்ளையும் அமைந்தது. புதூர் அணஞ்சபெருமாளின் மகன், தங்கமான பையன்.

அணஞ்சபெருமாள் இருக்கிறாரே, அவர் மகா ஜாக்கிரதைக்காரர். செருப்புப் போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே தேள் இருக்கிறதா என்று பார்ப்பார். கழற்றிய பிறகும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பார். நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தைப் பார்க்க வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. வாசல் பக்கத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது.

"சம்மந்தி, இது என்ன?"

"விரிசல், சம்மந்தி" என்றார் கொம்பையா, ஒளிக்காமல்.

"இன்ஜினியர் வந்து பாத்து, பயமில்லைன்னு சொன்னாத்தான் எங்க ஜனம் உள்ள கால் வைக்கும். இல்லைன்னா கல்யாணத்தைப் புதூர்லயே வச்சுக்கிடுவோம்."

கொம்பையா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "ஏளா ராக்கம்மா, நான் கட்டின மண்டபத்துல என் பிள்ளைக்குத் தாலி ஏறலைன்னா, அந்த வாசலை நான் எப்படித் தாண்டுவேன்?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார். அவள் நன்றாக யோசித்துவிட்டு, "பின்வாசல் வழியாப் போங்களேன்" என்றாள்.

டவுனிலிருந்து இன்ஜினியரம்மா சாந்தசீலியை வரவழைத்தார்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கிய அம்மா கெட்டிக்காரி. சுவரைத் தடவிப் பார்த்தாள், தூணைத் தட்டிப் பார்த்தாள், மாடியில் ஏறிக் குதித்துக்கூடப் பார்த்தாள். பிறகு கமிட்டியைக் கூட்டிவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். கமிட்டி என்றால் கொம்பையா, எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிற இடும்பன், எதைக் கையில் கொடுத்தாலும் விடாத வெயிலுமுத்து, மூன்றே பேர்தான்.

"பாக்கறதுக்கு மேல்பூச்சு விரிசல் மாதிரிதான் தெரியுது. இருந்தாலும் உறுதி பண்ணிக்கணும். முதல்ல, இந்தச் சுத்தியலால எல்லாத்தையும் மெதுவாத் தட்டிப் பாருங்க. தொம்முன்னு சத்தம் வந்தா உள்ளே பூச்சு விட்டிருக்குன்னு அர்த்தம். அங்கே சிமெண்டு குழைச்சுப் பூசிடுங்க."

வெயிலுமுத்து சுத்தியலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரெண்டாவது, மாடியில மணல் மூட்டை ஏத்துங்க. கல்யாணத்துக்கு வர்ற ஆளுங்க கனம் எவ்வளவோ, அவ்வளவு கனம். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். தளம் தொய்யலைன்னா சரி. மூட்டை வச்சுப் பாக்காத ஆளை மட்டும் உள்ளே சேர்த்துடாதீங்க."

"சேக்க மாட்டோம்மா" என்றார் இடும்பன்.

கடைசியாக அவள் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்தாள். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்திலும் சிமெண்டு அப்பி ஒட்டினாள். "விரிசல் வளர்ந்தா இந்தக் கண்ணாடி உடையும். கல்யாணம் வரைக்கும் முழுசா இருந்தா ஒரு பயமும் இல்லை, தாராளமா நடத்துங்க. உடைஞ்சா மட்டும், உடைஞ்ச இடத்துல ஒரு நிமிஷம்கூட யாரும் நிக்கக் கூடாது. ஓடிடணும். அப்புறம் முட்டுக் கொடுத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க." ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அவள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் கொம்பையாவுக்கு வியர்த்துவிட்டது. மகளுடைய கல்யாணம் ஒரு கண்ணாடித் துண்டில் வந்து நிற்கிறதே! கமிட்டி அங்கேயே உட்கார்ந்து ஆலோசனை செய்தது.

"கண்ணாடி உடைஞ்சா மண்டபத்துக்கு ஆபத்து. அப்படித்தானே சொன்னாக?" என்றார் இடும்பன்.

"ஆமா. முழுசா இருந்தா மண்டபம் பத்திரம்" என்றார் கொம்பையா.

"அப்பம் மண்டபத்தைக் காப்பாத்தணும்னா கண்ணாடியைக் காப்பாத்தணும்."

"அதான் நானும் சொல்ல வந்தேன்."

"அதைப் போயி எங்க வச்சிருக்கு, பாத்தீரா? விரிசல் மேலயே வச்சிருக்கு! விரிசல் வளர்ந்தா உடையும்னு அந்தம்மாவே சொல்லுதாக. தெரிஞ்சே ஆபத்தான இடத்துல கொண்டு வைக்கலாமா?"

வெயிலுமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "படிச்சவுக, அவசரத்துல ஒட்டிட்டாக போல. நாமதான் பாத்து நடந்துக்கிடணும்" என்றார்.

சிமெண்டு காய்வதற்கு முன் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பெயர்த்தெடுத்தார்கள். பஞ்சில் சுற்றி, பட்டுத்துணியில் முடிந்து, கொம்பையா வீட்டு அரிசிப் பானைக்குள் நட்டநடுவில் புதைத்துவைத்தார்கள். விரிசல் அங்கே, கண்ணாடி இங்கே. இனி எப்படி உடையும்? கொம்பையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிக்கல் ராக்கம்மாவுக்குத்தான். அரிசியை அள்ளினால் பானை ஆடும், பானை ஆடினால் கண்ணாடி ஆடும். அதனால் அந்த வீட்டில் சோறு நின்றுபோயிற்று. காலையில் கேப்பைக்கூழ், மத்தியானம் கேப்பைக்கூழ், ராத்திரி மாறுதலுக்கு வேண்டுமே என்று ஆறின கேப்பைக்கூழ். கல்யாணப் பெண் இளைத்துப்போனாள். தினமும் விடிந்ததும் கமிட்டி வந்து பானைக்குள் கையை விடும். "முழுசா இருக்கா?" என்பார் இடும்பன். "முழுசா இருக்கு" என்பார் கொம்பையா. கண்ணாடி முழுசு, மண்டபம் இன்றைக்கும் பத்திரம் என்று புதூர் வரைக்கும் கேட்கும்படி தண்டோரா போடுவார்கள்.

அடுத்து மூட்டை வேலை. வருகிற ஆட்களின் கனத்துக்கு மூட்டை என்றால், ஆளுக்கு ஒரு மூட்டைதானே? மண்டபத்து வாசலில் பெரிய தராசு கட்டி, ஒரு தட்டில் ஆளை உட்காரவைத்து, மறுதட்டில் மணலைக் கொட்டி, அளவு சரியானதும் மூட்டையைக் கட்டிப் பேரை எழுதினார்கள். புதூர்க்காரர்களுக்கு மட்டும் உத்தேசமாகக் கட்டினார்கள். கொம்பையாவின் மைத்துனர் தன் மூட்டையைச் சின்னதாகக் கட்டிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, "எனக்கு இவ்வளவுதான் மரியாதையா?" என்று கேட்டார். அவர் மனசு நோகக் கூடாதே என்று மேலே இரண்டு சட்டி மணல் போட்டார்கள். அதன் பிறகுதான் மனுஷன் சிரித்தார்.

மூட்டைகளையெல்லாம் மாடியில் வரிசையாக உட்காரவைத்தாயிற்று. சம்மந்தி மூட்டைக்கு மட்டும் நாற்காலி. எல்லாம் திருப்தியாக முடிந்த நேரத்தில் இடும்பன் மோவாயைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி. இது வெறும் வயித்துக் கனம்லா?"

"என்னவே சொல்லுதீரு?" என்றார் கொம்பையா.

"வந்தவுக சாப்பிடுவாகள்ல? சாப்பிட்டு எந்திரிச்சா ஆள் கனம் கூடிரும். அந்தக் கனத்தைத் தளம் தாங்குமான்னு யாரு பாக்க?"

கமிட்டி ஆடிப்போயிற்று. இது எப்பேர்ப்பட்ட யோசனை! உடனே அடுப்பு மூட்டினார்கள். சோறு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் தயாரானது. ஒவ்வொரு மூட்டைக்கு முன்னாலும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பரிமாறி, மூட்டையின் வாயை அவிழ்த்து எல்லாவற்றையும் உள்ளே கொட்டினார்கள். கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, "கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்று உபசாரம் செய்தார். சம்மந்தி மூட்டைக்கு மட்டும் பாயசம் இரண்டாம் தடவை வந்தது.

மறுநாள் பார்த்தால் தளம் கொஞ்சமும் தொய்யவில்லை. கீழே கூடத்தில் மட்டும் மஞ்சளாகச் சொட்டியது. வெயிலுமுத்து ஒரு சொட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீக, சாம்பார்தான்" என்றார். மூட்டைகளுக்குத் தாம்பூலம் கொடுத்து மரியாதையாகக் கீழே இறக்கினார்கள்.

சுத்தியல் வேலைதான் வெயிலுமுத்துவுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. சுவர், தூண், படி, ஜன்னல் என்று ஒன்று விடாமல் தட்டினார். எங்கேயும் தொம்மென்ற சத்தம் வரவில்லை. குழைத்த சிமெண்டைச் சட்டியில் வைத்துக்கொண்டு, பூச இடமில்லாமல் அலைந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தவிலை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் காபி குடிக்கப் போன சமயம், இவர் அதை ஒரு தட்டுத் தட்டினார். தொம்! சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் கனமாகச் சிமெண்டு பூசி, ஈரச்சாக்குப் போட்டு மூடிவைத்தார்.

கல்யாண நாளும் வந்தது. புதூர் ஜனம் வேனிலும் பஸ்ஸிலும் வந்து மண்டபத்துக்கு எதிரே தெருவில் நின்றது. ஒருத்தரும் படியேறவில்லை. அணஞ்சபெருமாள் எல்லாருக்கும் முன்னால் நின்று, "சம்மந்தி, இன்ஜினியர் சொன்ன கண்ணாடி எங்க? நான் என் கண்ணால பாக்கணும்" என்றார்.

"இந்தா வருது சம்மந்தி!"

கொம்பையா வீட்டிலிருந்து கண்ணாடி ஊர்வலம் புறப்பட்டது. வெள்ளித் தாம்பாளத்தில் பட்டு விரித்து, அதன்மேல் கண்ணாடி. இடும்பன் குடை பிடித்தார். தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, விரலை உதறிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். நாயனம் மட்டும் ஒத்தையாக வாசித்துக்கொண்டு வந்தது. கொம்பையா தாம்பாளத்தை ஏந்தி, அடிமேல் அடி வைத்து, சம்மந்திக்கு முன்னால் வந்து நின்றார்.  முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அணஞ்சபெருமாள் கண்ணாடியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "கீறல்கூட இல்லை" என்றார்.

கொம்பையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பம் உள்ள வாங்க சம்மந்தி!"

"பொறுங்க. இது உடையாதது சரி. உடையக்கூடிய கண்ணாடிதானா? சிலது கீழ போட்டாலும் உடையாது. அந்த மாதிரிக் கண்ணாடியை ஒட்டிவச்சா, மண்டபமே இடிஞ்சு விழுந்தாலும் முழுசாத்தானே இருக்கும்?"

கமிட்டி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. நியாயமான கேள்வி. இப்படி ஒரு புத்திசாலி வீட்டில் பெண் கொடுக்கிறோமே என்று கொம்பையாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"தட்டிப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது" என்று வெயிலுமுத்து இடுப்பிலிருந்த சுத்தியலை உருவி நீட்டினார்.

அணஞ்சபெருமாள் கண்ணாடியைத் தாம்பாளத்தில் வைத்து ஒரு போடு போட்டார். சுக்குநூறாயிற்று.

"நல்ல கண்ணாடி. நான் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றார் அவர், முழு மனசோடு.

 நாயனம் நின்றது. கொம்பையா தாம்பாளத்தில் கிடந்த சில்லுகளைப் பார்த்தார். கண்ணாடி உடைந்துவிட்டது. கல் சுமந்தது, மண் சுமந்தது, கேப்பைக்கூழ் குடித்தது எல்லாம் போயிற்று. பட்டுப்புடவையில் நின்ற செண்பகவடிவு, "அப்பா…" என்றாள். அவர் தாம்பாளத்தை ஏந்தியபடியே குனிந்து அழுதார்.

அப்போது இடும்பன் குடையைக் கீழே போட்டார். "வே கொம்பையா, கண்ணாடி உடைஞ்சா என்ன செய்யணும்னு அந்தம்மா சொன்னாக?"

"உடைஞ்ச இடத்துல ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாதுன்னாக" என்றார் கொம்பையா அழுதுகொண்டே.

"எங்கவே உடைஞ்சுது?"

கொம்பையா நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கம் தெரு. அந்தப் பக்கமும் தெரு. மண்டபம் அங்கே, எதிரே நின்றது.

"ஐயையோ, தெருவுலல்லா உடைஞ்சிருக்கு!" என்று கத்தினார். "தெரு ஆபத்து! எல்லாரும் உள்ள ஓடுங்க!"

அவ்வளவுதான். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் அணஞ்சபெருமாள். செருப்பைத் தட்டிப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை. புதூர் ஜனம் மொத்தமும் மண்டபத்துக்குள் பாய்ந்தது. மாப்பிள்ளையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், விரல் வீங்கின தவில்காரரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு வந்தார். மூச்சிரைக்க மூச்சிரைக்க மேடையில் உட்காரவைத்து, சரியான முகூர்த்தத்தில் தாலி ஏறியது. தவில்காரர் வலது விரலை வாயில் வைத்துக்கொண்டு, இடது கைக் குச்சியால் டக் டக் என்று கொட்டினார். கொம்பையா தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவர் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது.

பந்தி முடிந்தது. ஒருத்தரும் வெளியே போகவில்லை. எப்படிப் போவார்கள்? தெரு எந்த நிமிஷத்தில் என்ன ஆகுமோ! கமிட்டி மட்டும் உயிரைத் துச்சமாக நினைத்து வெளியே இறங்கி, பந்தல் போட்டு மிஞ்சின சவுக்குக் கம்புகளைத் தெருவில் வரிசையாக நட்டது. எதற்கு முட்டு என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணாடி உடைந்த இடத்துக்கு மேலே வானம்தான் இருந்தது. கம்பு எட்டிய வரைக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடிவந்து இன்ஜினியரம்மாவுக்குப் போன் போட்டார்கள்.

சாந்தசீலி வந்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. சவுக்குக் கம்புகள் எதையும் தாங்காமல் நின்றன. மண்டபத்து ஜன்னல்கள் பூராவும் தலைகள்.

"அம்மா, அங்க நிக்காதீக! ஓடி வந்துருங்க!" என்று அத்தனை தலையும் கத்தியது.

என்ன ஆபத்தோ என்று பயந்து அவளும் ஓடிவந்து வாசற்படியில் ஏறினாள். ஏறியதும் பக்கத்துச் சுவரைத்தான் பார்த்தாள். விரிசல் வைத்தது வைத்தபடி இருந்தது. "இது வெறும் மேல்பூச்சுக் கீறல். மண்டபம் கல்லு மாதிரி இருக்கு. ஆமா, இங்கே ஒட்டின கண்ணாடி எங்கே?"

"உடைஞ்சிரக் கூடாதேன்னு வீட்டுல அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தோம்மா. தெருவுக்குக் கொண்டுவந்ததும் உடைஞ்சுபோச்சு" என்றார் கொம்பையா. "மண்டபத்தைப் பத்தி எங்களுக்குக் கவலையே இல்லம்மா. தெருவை எப்பம் சரிபண்ணுவீக?"

சாந்தசீலி தலையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல உள்ளே வந்து உட்கார்றேன்" என்று காலைத் தூக்கினாள்.

"அம்மா, நில்லுங்க!" இடும்பன் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "உங்க பேருக்கு மூட்டை வச்சுப் பாக்கலியே. மூட்டை வச்சுப் பாக்காத ஆளை உள்ள சேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக?"

"சரி, அப்போ நான் போறேன்."

"தெருவுக்கா? உடைஞ்ச இடத்துலயா? ஐயோ, எங்க உயிரு இருக்க வரைக்கும் விட மாட்டோம்!"

உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் போக முடியாது. இன்ஜினியரம்மா வாசற்படியிலேயே நின்றாள். கொம்பையாவுக்குப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. மகள் கல்யாணம் நடந்ததே அந்த மகராசியால்தானே? வெயிலுமுத்துவை அனுப்பித் தராசைத் தூக்கிவரச் சொன்னார். தானே ஒரு காலிச் சாக்கை உதறிப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் பணிவாக வந்து நின்றார்.

"ஒரு நாள் பொறுத்துக்கிடுங்கம்மா. மூட்டையைக் கட்டி மாடியில வச்சுப் பாத்துட்டு, நாளைக்கு உங்களை உள்ள கூட்டிட்டுப் போயிருதோம்" என்றார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் இப்பமே சொல்லிருங்க. நீங்க சாப்பிட்டுட்டுப் போவீகளா, சாப்பிடாமப் போவீகளா? அதுக்குத் தக்கன மூட்டைக்கு இலை போடணும்."